இறால் திறந்துவிட்ட கதவு: பன்னாட்டு முதலீட்டு வழக்கில் ஊர்க்காரர்கள் பேச முடியுமா?

கேள்வி — மார்ச் 2

சுரங்கத்தை மூடிட்டாங்கன்னு ஒரு வெளிநாட்டு கம்பெனி அந்த நாட்டு அரசு மேல கோடிக்கணக்குல வழக்கு போடுது. தண்ணி கெட்டுப்போன ஊர்க்காரன் அந்த வழக்குல எங்கயும் இல்ல. கேட்டா, "அமிகஸ் மனு (வழக்குல தரப்பா இல்லாதவங்க 'மன்றத்தின் நண்பர்'ங்கற பேர்ல கருத்துச் சொல்ல அனுமதி கேக்குற மனு) போடலாம், 1998-லேயே கதவைத் திறந்துட்டாங்க"ன்னு சொல்றாங்க. எனக்கு இது கண்துடைப்பாத்தான் தெரியுது. அந்த மனுவால ஒரு வழக்காவது மாறியிருக்கா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்ச் 2, இரவு

முதலில் இரண்டு கதவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். உலக வர்த்தக அமைப்பில் நாடும் நாடும் மோதும். முதலீட்டு நடுவர் மன்றத்தில் கம்பெனியும் நாடும் மோதும். நீங்கள் கேட்பது இரண்டாவது. 1998 நடந்தது முதலாவதில். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்களால்தான் பாதிக் குழப்பம்.

இன்னொன்று. இது உயர் நீதிமன்றத்தில் இம்ப்ளீட் மனு (நம்மையும் தரப்பாகச் சேர்க்கச் சொல்லும் மனு) போடுவது போன்றது அல்ல. அமிகஸாக நுழைபவர் வழக்கில் தரப்பு ஆவதில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, மேல்முறையீடு கிடையாது, இழப்பீடும் கிடையாது. எழுத்தில் ஒரு வாதுரை கொடுக்க அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். அனுமதித்தாலும் அதைப் படித்துப் பதில் சொல்லும் கடமை நடுவர்களுக்கு இல்லை.

மார்ச் 3

1998 கதை. கடலாமைகளைக் காக்க, இழுவலையில் ஆமை விலக்குக் கருவி பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுத்தது. சட்டப் பிரிவு 609. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து சேர்ந்து முறையிட்டன. சுற்றுச்சூழல் அமைப்புகள் கேட்காமலேயே வாதுரை அனுப்பின. முதல் நிலைக் குழு ஏற்கவில்லை. உலக வர்த்தக அமைப்பின் தகராறு தீர்வு விதிகளில் 13-ஆம் விதி, குழு தகவல் 'நாடலாம்' என்கிறது, நாடாமல் வந்ததை எடுக்க முடியாது என்று காரணம் சொன்னது. 1998 அக்டோபர் 12 அன்று மேல்முறையீட்டு அமைப்பு இதைத் திருப்பிப் போட்டது: ஏற்பதும் தள்ளுவதும் குழுவின் விருப்பம்.

பலரும் கவனிக்காத இடம் இனிமேல்தான். மேல்முறையீட்டில் அமெரிக்கா சில அமைப்புகளின் வாதுரைகளைத் தன் மனுவுக்கு இணைப்பாக வைத்தது. ஒரு தரப்பு எதை இணைத்தாலும் அது அந்தத் தரப்பின் மனுவிலேயே சேரும் என்றது மேல்முறையீட்டு அமைப்பு. உடனே, "அதில் எங்கள் வாதத்தோடு ஒத்துப்போகிற அளவுக்கு மட்டுமே எங்களுக்குப் பொறுப்பு" என்று அமெரிக்கா ஒதுங்கிக்கொண்டது. ஆகத் தனியாகப் போனால் விருப்பம், அரசின் முதுகில் ஏறிப் போனால் உறுதி. ஆனால் முதுகில் ஏறியவன் வழியைத் தீர்மானிக்க முடியாது.

கதவைத் திறக்கக் கூடாது என்று வாதாடியவர்களில் இந்தியாவும் உண்டு. அதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழித்து

கதவு திறந்த பிறகு நடந்த கூத்து. பிரான்சின் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தடையை எதிர்த்து கனடா போட்ட வழக்கு. 2000 நவம்பரில் மேல்முறையீட்டு அமைப்பு அந்த ஒரு வழக்குக்கு மட்டும் முறையான விண்ணப்ப வழி வகுத்தது. விண்ணப்பம் மூன்று பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் யார், உறுப்பினர்கள் யார், பணம் எங்கிருந்து வருகிறது, எந்தச் சட்டக் கேள்வியைப் பேசப் போகிறீர்கள், ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லமாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம், எந்த நாட்டோடாவது தொடர்பு உண்டா — எல்லாம் அந்த மூன்று பக்கத்துக்குள். அனுமதி கிடைத்தால் வாதுரை 20 பக்கம்.

விண்ணப்பித்தவர்கள் 17. காலம் கடந்து வந்தவை 6. நேரத்துக்கு வந்தவை 11. அனுமதி பெற்றவர்கள் 0.

நிபந்தனைகளைப் போதுமான அளவு நிறைவேற்றவில்லை என்று ஒரு வரியில் முடித்தார்கள். எந்த நிபந்தனை, எங்கே குறை என்று சொல்லவில்லை. இதற்கு நடுவே நவம்பர் 22 அன்று உறுப்பு நாடுகள் பொதுக்குழுவின் சிறப்புக் கூட்டம் கூட்டி, இப்படி வழி வகுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டுவிட்டன. வளரும் நாடுகளின் குறை இது: மூன்றாம் தரப்பாகப் பதிவு செய்யாத உறுப்பு நாட்டுக்கே பேச வழியில்லாதபோது வாஷிங்டனில் அலுவலகம் வைத்திருக்கும் அமைப்புக்கு வழியா? எனக்கு அந்தக் குறையில் நியாயம் தெரிகிறது. மனு எழுத ஆள், பணம், ஆங்கிலம் மூன்றும் யாரிடம் இருக்கின்றன என்று பாருங்கள்.

2002-இல் மத்தி மீன் வழக்கு (பெரு, ஐரோப்பிய சமூகத்துக்கு எதிராக). மூன்றாம் தரப்பாகப் பதிவு செய்யாத மொராக்கோவே அமிகஸாக வாதுரை அனுப்பியது. ஏற்கலாம் என்றார்கள். நாடு ஒன்று 'நண்பர்' வேடத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. இறால், மத்தி... இந்த இழை மீன் சந்தை ஆகிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 4

திருத்தம். மேல்முறையீட்டு அமைப்பைப் பற்றி இன்றும் இயங்குவது போல் எழுதிவிட்டேன். 2019 டிசம்பரிலிருந்து அங்கே அமர்வுக்குப் போதுமான உறுப்பினர்கள் இல்லை. இப்போது அங்கே யாரும் மனு கொடுக்கும் நிலை இல்லை. முதல் நிலைக் குழுவில் கொடுக்கலாம். ஆஸ்திரேலிய சிகரெட் பெட்டி வழக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட அமிகஸ் வாதுரைகள் குழுவுக்குப் போயின.

மார்ச் 5

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலீட்டு வழக்குகள்.

2001 ஜனவரி 15, மெதனெக்ஸ் வழக்கு. கலிஃபோர்னியா பெட்ரோலில் எம்டிபிஇ என்ற கலவைப் பொருளைத் தடை செய்தது. அது நிலத்தடி நீரில் இறங்குகிறது என்பது காரணம். அந்தக் கலவைக்கு வேண்டிய மெத்தனாலை விற்கும் கனடா கம்பெனி நாஃப்டாவின் (வட அமெரிக்க சுதந்திர வர்த்தக ஒப்பந்தம்) கீழ் சுமார் 97 கோடி டாலர் கேட்டது. நடுவர்கள், யுன்சிட்ரால் (ஐ.நா. பன்னாட்டு வர்த்தகச் சட்ட ஆணையம்) நடுவர் விதி 15(1) — 'வழக்கை நடுவர் மன்றம் தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் முறையில் நடத்தலாம்' — என்ற ஒரு வரியிலிருந்து, எழுத்து வாதுரை ஏற்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று கண்டார்கள். விசாரணைக்குள் உட்காரவும் ஆவணங்களைப் பார்க்கவும் மட்டும் இரு தரப்பின் சம்மதம் வேண்டும் என்றார்கள். 2005-இல் கம்பெனி தோற்றது.

இக்சிட்டில் (உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு மையம்) கதவு தாமதமாகத்தான் திறந்தது. பொலிவியாவின் கோச்சபம்பா தண்ணீர் வழக்கில் ஊர் மக்கள் 2002-இல் மனு போட்டார்கள். தரப்புகளின் சம்மதம் இல்லாமல் எங்களுக்கு அதிகாரமே இல்லை என்று 2003 ஜனவரியில் பதில் வந்தது. இரண்டு வருடம் கழித்து, 2005 மே 19, அர்ஜென்டினாவின் தண்ணீர் வழக்கில் அதே இக்சிட் விதிகளை வைத்துக்கொண்டு வேறு நடுவர்கள், அதிகாரம் உண்டு என்றார்கள். விதியில் ஒரு எழுத்து மாறவில்லை, உட்கார்ந்த ஆட்கள்தான் வேறு. 2006 ஏப்ரலில் விதி 37(2) ஆக எழுதி வைத்தார்கள். 2022 ஜூலை 1 முதல் அது விதி 67.

கோச்சபம்பா வழக்கு எப்படி முடிந்தது தெரியுமா? 2006 ஜனவரியில் கம்பெனித் தரப்பு இரண்டு பொலிவியானோ நாணயத்துக்குத் தன் பங்கைக் கொடுத்துவிட்டு வழக்கைக் கைவிட்டது. ஒரு டீக்காசு. மனு ஏற்கப்படாத வழக்கில், மன்றத்துக்கு வெளியே கொடுத்த அழுத்தம் வேலை செய்தது. "கண்துடைப்பு" என்கிற உங்கள் வாதத்துக்கு இது பலம் சேர்க்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 6

"எப்படிப் போடுவது, அதைச் சொல்லுங்கள் முதலில்" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். இக்சிட் வழக்கு என்று வைத்துக்கொள்வோம்.

இக்சிட் தளத்தில் வழக்கின் பக்கத்தைத் திறந்தால் நடப்பு விவரங்கள் தேதிவாரியாக இருக்கும். கம்பெனியின் முதன்மை மனு எப்போது வந்தது, அரசின் பதில் மனு எப்போது வந்தது என்று பாருங்கள். அரசின் பதில் வந்த பிறகு, வாய்மொழி விசாரணைக்குப் பல மாதங்கள் முன்னதாகப் போடுவதே நல்ல நேரம். விசாரணை நெருங்கிய பின் போட்டால், 'வழக்கைக் குலைக்கும்' என்ற ஒரு காரணமே தள்ளுபடிக்குப் போதும். அந்த வார்த்தை விதி 67-இலேயே இருக்கிறது.

அனுமதி விண்ணப்பமும் வாதுரையும் தனித்தனி. இரண்டையும் சேர்த்தே அனுப்புவது வழக்கத்தில் உண்டு. விண்ணப்பம் அந்த வழக்கின் நடைமுறை மொழியில் இருக்க வேண்டும். லத்தீன் அமெரிக்க வழக்கு என்றால் பல சமயம் ஆங்கிலமும் ஸ்பானியமும். மொழிபெயர்ப்புச் செலவை முதல் நாளே கணக்கில் வையுங்கள்.

நடுவர்கள் பார்ப்பவை ஐந்து: பேசும் பொருள் வழக்கின் எல்லைக்குள் இருக்கிறதா, தரப்புகளிடம் இல்லாத அறிவோ பார்வையோ உங்களிடம் இருக்கிறதா, உங்களுக்கு இதில் கணிசமான அக்கறை உண்டா, நீங்கள் யார், யாருக்குச் சொந்தம், எந்தத் தரப்போடாவது நேராகவோ சுற்றியோ தொடர்பு உண்டா, இந்த மனுவுக்கு யாராவது பணமோ வேறு உதவியோ செய்கிறார்களா. கடைசியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பல்கலைக்கழகச் சட்ட மையம் ஒன்று இலவசமாக எழுதித் தந்தாலும் அது 'வேறு உதவி'. எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னால் மொத்த மனுவும் சந்தேகத்துக்குள்ளாகும்.

தரப்புகள் கருத்துச் சொல்லி முடித்த 30 நாளுக்குள் நடுவர்கள் காரணத்தோடு முடிவு சொல்ல வேண்டும். பழைய விதியில் இந்தக் கெடு இல்லை. ஆவணங்களையும் தர வேண்டும், எந்தத் தரப்பும் ஆட்சேபிக்காவிட்டால். அந்த 'ஆவிட்டால்'தான் சிக்கல். தரப்புகள் என்ன சொன்னார்கள் என்று தெரியாமலேயே, அவர்கள் சொல்லாததைச் சொல்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். கண்ணைக் கட்டிக் கோலம் போடச் சொல்வது மாதிரி. தான்சானியாவின் தார் எஸ் சலாம் தண்ணீர் வழக்கில் (2007) ஐந்து அமைப்புகளுக்கு வாதுரைக்கு அனுமதி கிடைத்தது, ஆவணமும் விசாரணை அறையும் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்கச் சுரங்க வழக்கில் (2009) ஆவணங்கள் கிடைத்தன. ஆனால் கம்பெனிகள் வழக்கையே விலக்கிக்கொண்டன.

மார்ச் 8

எங்கே தவறுகிறது என்பதற்கு உதாரணங்கள். இந்தக் குறிப்பு நீளும்.

அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே மாகாணத் தண்ணீர் வழக்கு, 2006 மார்ச். ஒரு அறக்கட்டளையும் மூன்று தனிநபர்களும் கேட்டார்கள். அதிகாரம் உண்டு என்று சொல்லிக்கொண்டே தள்ளினார்கள்: உங்கள் அனுபவம், நிபுணத்துவம் பற்றி மனுவில் போதுமான தகவல் இல்லை. அக்கறை இருக்கிறது என்று மட்டும் எழுதி, என்ன தெரியும் என்பதை விட்டுவிட்டால் இதுதான் கதி.

ஜிம்பாப்வே, வான் பெட்ஸோல்ட் வழக்கு, 2012 ஜூன். ஒரு ஜெர்மன் மனித உரிமை அமைப்பும் நான்கு பழங்குடிச் சமூகங்களும் கேட்டார்கள். அந்தச் சமூகத் தலைவர்களுக்கு அரசோடு தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது, சுதந்திரம் சந்தேகத்துக்குரியது, பழங்குடி உரிமைச் சட்டம் இந்த வழக்கின் பொருளும் அல்ல என்று தள்ளுபடி. இது கொடுமையான முடிவு என்பது என் கருத்து. ஊர்த் தலைவருக்கு அரசோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது?

ருமேனியாவின் ரோஷியா மொன்டானா தங்கச் சுரங்கம், 2018 டிசம்பர். உள்ளூர் அமைப்புகளின் வாதுரையை ஏற்றார்கள், ஆனால் சட்ட வாதங்களையும் இணைத்திருந்த வாக்குமூலங்களையும் வெட்டிவிட்டார்கள். குறுக்கு விசாரணைக்கு வராத ஆளின் வாக்குமூலம் எப்படிச் செல்லும் என்பது காரணம். ஆகவே ஐம்பது பேரின் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தைவிட, கிணற்று நீர்ச் சோதனை அறிக்கை (எடுத்த தேதி, இடம், ஆய்வகப் பெயரோடு), ஊர்க் கூட்டத் தீர்மானத்தின் சான்றிட்ட நகல், கம்பெனி ஊரில் கொடுத்த துண்டறிக்கை, தேதி தெரியும் புகைப்படம் இவற்றுக்கு மதிப்பு அதிகம். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, வாதுரையின் எந்தப் பத்திக்கு எது சான்று என்று காட்டுங்கள். சட்டத்தை அரசின் வக்கீல்கள் பேசிக்கொள்வார்கள், அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

பெருவின் பேர் கிரீக் சுரங்க வழக்கு, 2016. இதுவே நல்ல பாடம், ஏனென்றால் ஒரே நேரத்தில் இரு முடிவுகள். பூனோவில் ஐமாரா பழங்குடி மக்களோடு வேலை செய்யும் மனித உரிமை அமைப்புக்கு அனுமதி. பெயர்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழக மையத்துக்கு மறுப்பு. மன்றம் எதைத் தேடுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

கொலம்பியாவின் சாந்துர்பான் உயர்மலை ஈரநிலம், எக்கோ ஓரோ வழக்கு, 2019: உள்ளூர்த் தண்ணீர்க் குழுவையே வேண்டாம் என்றார்கள். ஆக மேலே சொன்ன பாடமும் நூறு சதவீதம் இல்லை.

மார்ச் 9

கேட்ட கேள்வியை மறந்துவிடவில்லை: ஏதாவது மாறியதா?

மாறியது என்று துணிந்து சொல்லக்கூடியது பிலிப் மோரிஸ்–உருகுவே (தீர்ப்பு 2016 ஜூலை 8). சிகரெட் பெட்டியில் 80 சதவீதம் எச்சரிக்கைப் படம். உலக சுகாதார அமைப்பும் பான் அமெரிக்க சுகாதார அமைப்பும் அமிகஸாக வந்தன. அவை காட்டிய சான்றுகளை நடுவர்கள் வெளிப்படையாக எடுத்து ஆண்டிருக்கிறார்கள். உருகுவே ஜெயித்தது. ஆனால் அவற்றைக் குடிமைச் சமூகம் என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அவை அரசுகளுக்கிடையிலான அமைப்புகள்.

பேர் கிரீக்கில் கம்பெனி கேட்டது 52.2 கோடி டாலர், கிடைத்தது 1.82 கோடி. தொகை குறைந்ததற்கு அமிகஸ் காரணமல்ல. சுரங்கம் திட்ட அளவிலேயே இருந்ததால், செலவழித்த பணத்தை மட்டும் கணக்கிட்டார்கள். அமிகஸ் தந்த விவரங்கள் வேலை செய்தது மாறுபட்ட தீர்ப்பில்: ஊரின் நம்பிக்கையைப் பெறாதது கம்பெனியின் தவறும்தான், இழப்பீட்டைப் பாதியாக்க வேண்டும் என்றார் மூன்றாவது நடுவர் பிலிப் சாண்ட்ஸ். சிறுபான்மைக் குரல்தான்.

எல் சால்வடார் தங்கச் சுரங்க வழக்கில் (2016 அக்டோபர்) அரசு ஜெயித்தது, கம்பெனியை 80 லட்சம் டாலர் செலவுத்தொகை கட்டச் சொன்னார்கள். அமிகஸ் வாதுரைக்குள் போக வேண்டிய தேவை எழவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஜெயித்த பக்கம் நின்றும் படிக்கப்படாத மனு.

மார்ச் 11

மட்டக்களப்பு வாசகர் ஒருவர் ஏஏபிஎல் வழக்கைக் குறிப்பிட்டார். நன்றி. நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

1987 ஜனவரி 28, இலங்கையின் கொக்கட்டிச்சோலை. அரசுப் படையினரின் நடவடிக்கையில் இறால் பண்ணை அழிந்தது, பண்ணைப் பணியாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பண்ணைக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த ஏஏபிஎல் என்ற ஹாங்காங் நிறுவனம் 1980-ஆம் ஆண்டின் பிரிட்டன்–இலங்கை முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் இக்சிட்டுக்குப் போனது. ஒரு முதலீட்டு ஒப்பந்தத்தை மட்டுமே வைத்து இக்சிட் தீர்த்த முதல் வழக்கு உலகிலேயே இதுதான். கேட்டது 80 லட்சம் டாலருக்கு மேல். 1990 ஜூன் 27 தீர்ப்பில் கிடைத்தது 4,60,000 டாலரும் வட்டியும். கம்பெனியின் பங்குக்கு அது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் அந்த வழக்கில் எந்தப் பெயரிலும் இல்லை. அமிகஸ் விதி வர அப்போது இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன.

இன்றைய விதி அன்று இருந்திருந்தால்? அந்தக் குடும்பங்கள் இருபது பக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம். அன்று என்ன நடந்தது என்பது தீர்ப்பின் பதிவில் ஏறியிருக்கக்கூடும். ஒரு காசும் கிடைத்திருக்காது. ஒப்பந்தம் காப்பது முதலீட்டை.

ஒப்பந்த வழக்குகளின் தொடக்கமும் இறால், அமிகஸ் வாதுரையின் தொடக்கமும் இறால். என்ன பூர்வஜென்ம பந்தமோ.

மார்ச் 12

என் மார்ச் 3 குறிப்புக்கே முரணாக மார்ச் 8-இல் எழுதியிருக்கிறேன் என்று ஒருவர் பிடித்துவிட்டார். சரியான பிடி. 'அரசின் முதுகில் ஏறினால் உறுதி' என்பது உலக வர்த்தக அமைப்புக்குப் பொருந்தும். முதலீட்டு வழக்கில் அதையே செய்தால் ஜிம்பாப்வே கதை ஆகும். ஆகவே முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஆவணங்கள் வலுவாகவும் அரசு நம்பத்தக்கதாகவும் இருந்தால், அவற்றை அரசுத் தரப்பிடம் கொடுத்து அரசின் சான்றாகவே வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அமிகஸ் ஆசை வேண்டாம். அரசும் கம்பெனியும் சேர்ந்து ஊரை மறைக்கின்றன என்றால் தனியாகப் போங்கள், அரசு வக்கீலோடு ஒரு மின்னஞ்சல்கூட வேண்டாம்.

மார்ச் 12, இரவு

"இந்தியாவுக்கு எதிரான வழக்கு என்றால்?" இந்தியா இக்சிட்டில் உறுப்பினர் இல்லை, விதி 67 இங்கே உதவாது. பெரும்பாலும் யுன்சிட்ரால் விதிகளின்படிதான் வழக்கு நடக்கும். 2014 ஏப்ரல் 1 முதல் யுன்சிட்ரால் வெளிப்படைத்தன்மை விதிகள் உண்டு. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு செய்த ஒப்பந்தங்களுக்குத்தான் அவை தாமாகப் பொருந்தும். பழைய ஒப்பந்தங்களையும் உள்ளே இழுக்கும் மொரீஷியஸ் உடன்படிக்கையில் (2017 முதல் அமல்) இந்தியா சேரவில்லை. மிஞ்சுவது மெதனெக்ஸ் வாதம்: 'பொருத்தமாகத் தோன்றும் முறை' என்ற அந்த வரி 2010 விதிகளில் 17(1). அதற்கு முன்னால் வழக்கு நடக்கிறது என்று தெரிய வேண்டுமே! தகவல் உரிமை மனு போடலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1) பிரிவு விலக்குகளைக் காட்டி மறுக்கவே வாய்ப்பு அதிகம். மறுத்தால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

மார்ச் 15

இரண்டு ஒட்டுகள். எக்கோ ஓரோவில் கம்பெனி 2021-இல் பொறுப்பு விஷயத்தில் ஜெயித்தது, 2024 ஜூலையில் இழப்பீடு ஏதும் இல்லை என்று முடிந்தது. மனு தள்ளப்பட்ட ஊருக்கு அது ஆறுதலா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, பக்கக் கணக்கு. மார்ச் 11 குறிப்பில் 'இருபது பக்கம்' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். விண்ணப்பம் 5 பக்கம், வாதுரை 20 பக்கம் என்பது நாஃப்டா ஆணையத்தின் 2003 அறிக்கையில் உள்ள அளவு, இணைப்புகளும் அந்த 20-க்குள் அடக்கம். இக்சிட் விதி 67-இல் எண் கிடையாது, நடுவர்கள் அந்தந்த வழக்கில் நிர்ணயிப்பார்கள். வேறு அளவு சொல்லாதவரை 5, 20 என்றே எழுதுங்கள். மீறினால் முதலில் வெட்டுப்படுவது இணைப்பு, நீர்ச் சோதனை அறிக்கை இருப்பதும் அங்கேதான்.